உப்புக்கு வாசனை இல்லை



போன மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு தங்கை மட்டும் தயங்கி நின்றாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறவள். அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். லீவு நாட்களில் இவளும் கூடப் போவாள். "அண்ணா, நம்ம மேல வாடை வீசுதா? பஸ்ல பக்கத்துல உட்கார்ந்த பொண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்து போயிடுச்சு" என்றாள்.

எங்களில் ஒருவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, குளிச்சிட்டுத்தானே போற" என்று சட்டென்று சொல்லிவிட்டார். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சொன்ன பிறகுதான் அது பதிலே இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. ஏனென்றால் நாங்கள் எல்லோருமே ஏதோ ஒரு நாள் இன்டர்வியூவுக்குப் போகும் முன் சட்டையின் தோள்பட்டையை மோந்து பார்த்தவர்கள். விடுதியில் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கத் தயங்கியவர்கள். குளித்தால் போய்விடும் என்றால் அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கட்டுரை அவளுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

வேலைக்குப் போகும் வழி

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது கிளியனூர். இங்கிருந்து கிழக்கே போனால் கழுவெளி. அதையும் தாண்டினால் மரக்காணம், உப்பளம், கடல். உப்பள வேலை வெயில் ஏறும் முன் முடிய வேண்டிய வேலை. அதனால் இருட்டிலேயே காலனியிலிருந்து நடந்து சாலைக்கு வரவேண்டும். அங்கே வண்டி ஏற்றிக்கொள்ளும். மரக்காணத்தில் இறங்கிய பிறகு மறுபடியும் வரப்பு மேல் நடை. இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை. மூக்குதான் வழி காட்டும்.

முதலில் எங்கள் தெருவின் வாசம். நேற்றைய விறகுச் சாம்பல், ஆட்டுப் பட்டி, யார் வீட்டிலோ அதற்குள் வைத்துவிட்ட பழைய குழம்பின் சூடு. அடுத்து சாக்கடை. அது எங்கள் தெரு முனையில் வந்து முடிகிறது. முடிகிறது என்றால் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக வழி வெட்டவில்லை. அதைத் தாண்டினால் நெல் வயலின் ஈரம், அறுவடைக் காலமானால் வைக்கோல், மருந்து அடித்த மறுநாள் என்றால் தொண்டையைப் பிடிக்கும் பூச்சிமருந்து. சாலைக்கு வந்ததும் லாரி டீசல். டீக்கடையில் பால் பொங்கும் மணம். அந்த மணம் எப்போதும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தது. குவளைதான் நம் தாத்தாக்களுக்குத் தனியாக வந்தது.

வண்டி கிழக்கே போகப் போக சவுக்குத் தோப்பின் காய்ந்த வாசம், பிறகு கழுவெளியின் சேறு, பிறகு கருவாடு. கடைசியாக உப்பளம். அங்கேதான் ஒரு விசித்திரம்: உப்புக்கு வாசனை கிடையாது. ஒரு கை கல்லுப்பை எடுத்து மோந்து பாருங்கள், ஒன்றும் இருக்காது. உப்பளத்தில் வீசுவது உப்பின் வாடை அல்ல. கரைசேற்றில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் விடும் கந்தக வாயு. பாசியும் மட்கிய இலைதழையும் விடும் வாடை. கடும் உப்பு நீரிலும் வாழத் தெரிந்த நுண்ணுயிரிகள்தான் சில பாத்திகளை இளஞ்சிவப்பாக்குகின்றன. மனிதர் யாரும் இல்லாவிட்டாலும் அந்த வாடை அங்கே இருக்கும்.

அந்தச் சேற்றுக்கு இன்னொரு பெயரும் உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு கழுவெளியில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல செய்தி, வரவேற்கிறோம். கேமராவோடு வருகிறவர்கள் அந்தக் காற்றை இழுத்து மூச்சுவிட்டு, இயற்கையின் வாசம் என்கிறார்கள். அதே சேறு நம் காலில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் அதற்குப் பெயர் வாடை. சேறு ஒன்றுதான். ஆளைப் பார்த்துப் பெயர் மாறுகிறது. இந்தப் பெயர் மாற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நாற்றம் என்ற சொல்

பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம். பூவும் நாறும், சந்தனமும் நாறும், மீனும் நாறும். நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் அப்போது இல்லை. மூக்குக்கு எட்டுவது எதுவோ அது நாற்றம். பிற்காலத்தில்தான் அந்தச் சொல் கீழே இறங்கி, இன்று வசவாக நிற்கிறது. மணம், வாசனை போன்ற சொற்கள் மேலே போய்விட்டன. சொல்லிலேயே ஒரு மேல், கீழ் உண்டானது.

நம் கடற்கரைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. சங்க காலத்தில் இந்தப் பகுதி ஓய்மாநாடு. நல்லியக்கோடன் ஆண்டதாகச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. அதாவது நாம் தினமும் நடக்கிற வழி, உமணர்கள் உப்பு வண்டி ஓட்டிய நெய்தல் நிலத்தின் வழி.

நற்றிணையின் 45ஆம் பாட்டு ஒரு நெய்தல் பாட்டு. நகரத்துப் பணக்காரன் ஒருவன் மீனவப் பெண்ணைத் தேடி வருகிறான். அவளுடைய தோழி அவனை நிறுத்திச் சொல்லும் சேதி இதுதான்: நாங்கள் மீன் உலர்த்தி, பறவை விரட்டுகிறவர்கள். எங்கள் மேல் புலால் வீசும், தள்ளி நில். உன் செல்வம் எங்களுக்கு வேண்டாம். கடலை நம்பிய எங்கள் வாழ்வு உன் வாழ்வைப் போன்றதல்ல. எங்கள் மனிதர்களிலும் பெருமைக்குரியவர்கள் உண்டு.

தங்கையின் கேள்வியையும் இந்தத் தோழியின் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே கடற்கரைக்காரர்கள். தோழி தன் வாடையைத் தானே சொல்கிறாள், வெட்கப்படவில்லை. அது அவள் செய்யும் வேலையின் அடையாளம். தள்ளி நிற்கச் சொல்வதும் அவளே. சங்க காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. இழிவான பிறப்பு என்ற எண்ணத்தின் தடங்கள் சங்கப் பாடல்களிலும் இருக்கின்றன. ஆனால் வாடையைப் பற்றிப் பேசும் உரிமை அன்று ஒரு மீனவப் பெண்ணின் வாயில் இருந்தது என்பதற்கு அந்தப் பாட்டு சாட்சி. அந்த உரிமை எப்படிப் பறிபோனது என்பதே கேள்வி.

வேலையின் வாடை பிறப்பின் வாடை ஆனது

வேலை முடிந்தால் வேலையின் வாடை போய்விடும். பிறப்பின் வாடை போகாது. சாதி செய்த வேலை, முதலாவதை இரண்டாவதாக மாற்றியதுதான்.

மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் சண்டாளருக்கு ஊருக்கு வெளியே இடம் ஒதுக்குகிறது. பிணத்தின் துணியை உடுத்தச் சொல்கிறது. இரவில் ஊருக்குள்ளும் நகரத்துக்குள்ளும் நடக்கக் கூடாது என்கிறது. கவனியுங்கள்: வீடு எங்கே, உடை எது, நடக்கும் நேரம் எது என்று மூன்றையும் அது தீர்மானிக்கிறது. பிணத்தின் துணியை உடுத்தவைத்த பிறகு, இவன் மேல் பிணவாடை வீசுகிறது என்று சொல்வது எவ்வளவு சுலபம்! 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவுக்கு வந்த சீன பௌத்தத் துறவி பாகியான், சண்டாளர்கள் நகரத்துக்குள் நுழையும்போது ஒரு கட்டையைத் தட்டி ஓசை எழுப்பவேண்டும், மற்றவர்கள் கேட்டு விலகிக்கொள்வார்கள் என்று எழுதிவைத்தார். மூக்குக்கு எட்டும் முன்பே காதுக்கு எட்டவேண்டும் என்பது ஏற்பாடு.

தமிழில் இதற்குப் பெரிய ஆவணம் நந்தனார் கதை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடி விரிவாக வருகிறது. நந்தனார் அங்கிருந்து கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. தோல் கோயிலுக்குள் போனது. நரம்பு போனது. மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுத்த கோரோசனை சாமிக்கு வாசனைப் பொருளாகப் போனது. அவற்றை உரித்து, ஊறவைத்து, உலர்த்திய கை மட்டும் வெளியே நின்றது. கடைசியில் அவர் உள்ளே போக நெருப்பில் மூழ்கவேண்டியிருந்தது; வேதியர் உருவத்தோடு எழவேண்டியிருந்தது. வாடை தோலில் இருந்திருந்தால் பேரிகையையும் நெருப்பில் போட்டிருக்க வேண்டும்.

மகாடில் நடந்தது இதன் மறுபக்கம். 1927 மார்ச் 20 அன்று புரட்சியாளர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். பிறகு ஆதிக்கச் சாதியினர் அந்தக் குளத்தைத் "தூய்மை" செய்தார்கள். எதைக் கொண்டு? சாணம், கோமியம், பால், தயிர் கலந்த கலவையை 108 குடங்களில் நிரப்பி ஊற்றி, மந்திரம் சொல்லி. மனிதனின் உள்ளங்கை பட்ட தண்ணீர் தீட்டு. சாணி கரைத்த தண்ணீர் சுத்தம். இதை அறிவியல் அறியாமை என்று கடந்துவிடாதீர்கள். எது நாறும், எது மணக்கும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை ஊர் பார்க்கச் செய்துகாட்டிய சடங்கு அது.

நடப்பதற்கு ஒரு தீர்மானம்

இனி நடைக்கு வருவோம். நெடுஞ்சாலைக்கு நாம் இன்று ஊர்த்தெரு வழியாகவும் நடந்து வரலாம். சட்டம் தடுக்காது. இதற்கும் ஒரு தேதி இருக்கிறது.

நம் பகுதிக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். வசவாக எறியப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக வைத்தவர். நற்றிணைத் தோழியின் அதே துணிச்சல். சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினரானபோது, 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் எந்த ஊரின் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம், அரசு அலுவலகத்துக்குள்ளும் பொதுக் கிணறு, குளம், சந்தைக்கும் போகலாம், ஆட்சேபணை இல்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையானது, 1925இல் அரசிதழிலும் வந்தது. நடக்கலாம் என்பதற்கே ஒரு சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்தது. அப்படியும் நடந்தால் அடி விழுந்தது. அதனால் 1938இல் எம்.சி. ராஜா முயற்சியில் சென்னை மாகாணத்தில் தடுப்பவர்களுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு வந்தது.

காகிதத்தில் தெரு திறந்துவிட்டது. கட்டையால் வழிமறிப்பது இனி குற்றம். ஆனால் மூக்கைச் சுளிப்பது குற்றமா? துப்பட்டாவால் பொத்திக்கொள்வது? இருக்கை மாறி உட்காருவது? யார் மேல் வழக்குப் போடுவீர்கள்? தெருவில் இருந்த தடை முகத்துக்கு இடம்பெயர்ந்தது. பஸ் பொதுவானது, பள்ளிக்கூடம் பொதுவானது, அலுவலகம் பொதுவானது; பொதுவாக இருக்கும் இடத்திலும் விலக்கிவைக்க மிச்சமிருந்த கருவி மூக்கு. "அவங்க சுத்தமா இருந்தா நாங்க ஏன் ஒதுங்கப்போறோம்" என்ற வாக்கியத்தில் சாதியின் பெயர் வராது. அதனால் சாதி பார்க்காதவர்களும் அதைத் தயங்காமல் சொல்கிறார்கள்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியான தன் நூலில், தொழிலாளிகள் மேல் நாற்றம் வீசும் என்று சொல்லித்தான் தன்னைப் போன்ற நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் வளர்க்கப்பட்டதாக ஒப்புக்கொண்டார். ஒரு கருத்தை வாதம் செய்து மாற்றலாம், உடம்பில் ஊறிய அருவருப்பை மாற்றுவது கடினம் என்பது அவர் கண்டது. அங்கே அது வர்க்கம். இங்கே அதற்கு மேல் பிறப்பு.

உப்பு நடந்த வழி

உப்பின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நடையின் வரலாறாகப் படித்தோம். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து தண்டிக்குக் காந்தி நடந்தார். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்தார். அந்த நடைகளை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அன்று தொடங்கி, உப்பு மண்ணைச் சுரண்டிக் காய்ச்சிய ஏழை குற்றவாளி ஆனார். அந்த அநீதியை எதிர்த்த நடை அது. ஆனால் அந்த ஆண்டுக்கு முன்பும் பின்பும் தினமும் இருட்டில் உப்பளத்துக்கு நடந்தவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அதே 1930 நவம்பரில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து, உப்பு வரி போனாலும் எங்கள் விலங்கு போகுமா என்ற கேள்வியை வேறு சொற்களில் எழுப்பிக்கொண்டிருந்ததும் அந்தப் பாடத்தில் இல்லை.

மரக்காணத்துக்கு இன்னொரு நடையும் சொந்தம். பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இங்கேதான். தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வார்களே, அந்த 1876-78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பட்ட கால்வாய் அது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. வயிற்றுப் பசியோடு மைல் கணக்கில் நடந்துவந்து மண் வெட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை. பிறகு அந்தத் தண்ணீர் வழியே படகுகள் உப்பையும் விறகையும் சென்னைக்குச் சுமந்தன.

இன்று வேலை எப்படி நடக்கிறது? உப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவைப்பார்கள். நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறும். கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி என்றால், 25 டிகிரி தாண்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிந்து சரக்கு கெட்டுவிடும். இந்தக் கணக்கை நம் அம்மாக்கள் பலர் கருவி இல்லாமல், நீரின் நிறத்தையும் காலடியில் நெறுநெறுக்கும் மணியையும் வைத்துச் சொல்வார்கள். இது அறிவு. இதற்குப் பட்டம் இல்லை, கூலியிலும் இதற்குக் கணக்கு இல்லை. பிறகு உப்பை வாரி, வரப்பில் குவித்து, தலையில் சுமந்து அம்பாரம் சேர்ப்பது. வெள்ளைப் பரப்பில் எதிரொளிக்கும் வெயில் கண்ணை அரிக்கும். உப்பு நீர் பாதத்து வெடிப்பில் இறங்கும். அக்டோபரில் மழை வந்தால் மூன்று மாதம் வேலை இல்லை. அந்தக் காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய்.

வேலை முடிந்து வரும்போது உடம்பில் இருப்பது என்ன? வாசனையில்லாத உப்பு, கரைசேறு, வேர்வை. பக்கத்தில் குளிக்க நல்ல தண்ணீர் இருந்தால், உடைமாற்ற ஒரு அறை இருந்தால், இந்த மூன்றில் எதுவும் பஸ் ஏறாது. ஆகவே பஸ்ஸில் அந்தப் பெண் மோந்தது என்ன? இல்லாத குளியலறையை. நம் அம்மாவின் உடம்பை அல்ல.

நாற்றத்தைக் கொண்டுவந்து கொட்டுவது

எங்கள் தெரு முனையில் நின்றுவிடும் சாக்கடையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊரின் சாக்கடை ஏன் சேரிப் பக்கம் முடிகிறது? பள்ளம் அந்தப் பக்கம் இருக்கிறது என்பார்கள். பள்ளத்தில் யாரைக் குடியிருக்க வைத்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. ஜோயல் லீ என்ற மானுடவியலாளர் லக்னோவின் தலித் குடியிருப்புகளை ஆய்ந்து 2017இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: சாக்கடையும் குப்பையும் எங்கே போய்ச் சேருகிறது என்பதன் வழியாகச் சாதி ஊரின் காற்றிலேயே எழுதப்படுகிறது, பிறகு அந்தக் காற்றை அங்கே வாழ்பவரின் குணமாகப் படிக்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூர் குப்பைமேட்டின் காற்றில் வளரும் பிள்ளைகளைக் கேளுங்கள். முகவரியைச் சொல்லத் தயங்குவார்கள்.

சட்டத்துக்கு இது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோதே, 2015 திருத்தத்துக்குப் பிறகு இன்னும் தெளிவாக, பட்டியல் சாதி, பழங்குடியினரின் வீட்டிலோ வாசலிலோ மலம், கழிவுநீர், செத்த விலங்கு, வேறு அருவருப்பான பொருள் எதையும் கொட்டுவதைக் குற்றமாக்கியது. பிரிவு 3(1)(ஆ) என்று தமிழில் தேடிப் படித்துவையுங்கள். இப்படி ஒரு பிரிவு எழுதவேண்டிய அளவுக்கு அது நடந்துகொண்டிருந்தது, நடக்கிறது என்பதே பொருள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் மிதந்தது. குடிக்கிற தண்ணீரையும் மோந்து பார்த்துக் குடிக்கும் நிலை, இந்த நூற்றாண்டில்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மலக்குழிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால், சில நிமிடங்களில் மூக்கின் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் சாவு பக்கத்தில் நிற்கும் நேரம். 1993இலும் 2013இலும் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து சட்டங்கள் வந்தன. 2014இல் உச்சநீதிமன்றம் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, இறங்குபவர் யார் என்பது மாறவில்லை. ஊரின் நாற்றம் ஊருக்குத் தெரியாமல் இருக்க, ஒருவன் தன் மூக்கையும் மூச்சையும் கொடுக்கிறான்.

கடைசியாக ஒரு வாடை. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் நடந்த வன்முறையில் கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. எரிந்த கூரையின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால், பிறகு யார் குப்பை கொளுத்தினாலும் குழந்தைகள் எழுந்து உட்காருவார்கள். மூக்குக்கு நினைவு அதிகம். வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நினைவையும் ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கைக்குப் பதில்

ஆமாம் தங்கச்சி, வாடை வீசத்தான் செய்கிறது. வேலை செய்கிற எல்லோர் மேலும் வீசும். மருத்துவமனையில் வேலை செய்பவர் மேல் மருந்து வீசும், மெக்கானிக் மேல் கிரீஸ் வீசும், கோயில் குருக்கள் மேல் கற்பூரமும் எண்ணெயும் வீசும். அவற்றில் எதையும் அவர்களின் பிறப்பு என்று யாரும் சொல்வதில்லை. உன் அம்மா மேல் வீசுவது கழுவெளிச் சேறும் உழைப்பும். அதைப் பிறப்பு என்று சொன்னவர்கள்தான் பொய் சொன்னார்கள். நாங்கள் "ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்னதும் ஒரு சின்னப் பொய்தான். அந்தப் பெரிய பொய்க்குப் பயந்து சொன்னது.

வெட்கப்படாதே என்று மட்டும் சொல்லி முடித்தால் போதாது. பெருமைப்பட்டால் சாக்கடை நகராது. எங்கள் தெருவில் பறை காய்ச்சும்போது வைக்கோல் தீயில் தோல் சூடேறும் வாசம் வரும். அது எங்களுக்குப் பிடித்த வாசம், யாரும் முகம் சுளித்தாலும் விடமாட்டோம். ஆனால் தேங்கிய சாக்கடை எங்கள் பண்பாடு அல்ல. எதை வைத்துக்கொள்வது, எதை எதிர்த்துப் போராடுவது என்று பிரித்துச் சொல்லும் உரிமை நம்முடையது.

அதனால் படிப்பு வட்டத்துக்கு வரும் எல்லோருக்கும் இந்த மாதம் ஒரு வேலை. வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் வழியில் மூக்குக்கு எட்டும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் நான்கு கேள்விகள்: இது எங்கிருந்து வருகிறது? எப்போது முதல் வருகிறது? இதனால் லாபம் யாருக்கு? இதை நிறுத்தும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் மனு எழுதுவோம். உப்பளத்தில் பெண்களுக்குக் குளியலறையும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்பது முதல் மனு. எங்கள் தெருச் சாக்கடைக்குப் போக்கு வெட்டவேண்டும் என்பது இரண்டாவது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம்.

போன ஞாயிறு அந்தத் தங்கை நோட்டோடு வந்தாள். முதல் பக்கத்தில் எழுதியிருந்தது: "காலை 4.10. சாக்கடை. எங்கள் தெரு முனை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து." லாபம் யாருக்கு என்ற இடம் காலியாக இருந்தது. அதைக் கேட்க அவள் தன் பாட்டியிடம் போயிருக்கிறாள். பாட்டி சொல்லத் தொடங்கியது இன்னும் முடியவில்லையாம்.